மூன்றாவது போல்ட்

புத்தகத்தில் ஒரே வரிதான்:
மூன்று போல்ட்டுகளையும் கழற்றி வால்வை வெளியே எடுக்கவும்.
எழுதியவனின் மேசைக்கடியில்
எதுவும் துருப்பிடித்திருக்காது.

கிரீலியில் அக்டோபர் கடைசி.
வீட்டு முன்னால் சிமென்ட் தளத்தில்
பானெட்டைத் திறந்தபடி நிற்கிறது என் பிக்கப்,
பல் பிடுங்க வந்தவன் வாய் போல.
வெள்ளிக்கிழமைக்குள் புகைச் சான்றிதழ் வேண்டும்.
டாஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு
ஆறு வாரமாய் இமைக்காமல் பார்க்கிறது.
பட்டறையில் கேட்டேன்:
பாகம் நூற்றிருபது டாலர்,
கையை உள்ளே விடுவதற்குத் தொள்ளாயிரம்.
கை எனக்கும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் போல்ட் கண்ணெதிரே.
இரண்டாவது, கழுத்தைச் சாய்த்தால் தெரியும்.
மூன்றாவது
எஞ்சினுக்கும் பின்தகட்டுக்கும் நடுவே
வயர்க் கட்டுக்கு அடியில்.
குச்சியில் கண்ணாடியைக் கட்டி நீட்டினால்
தலைகீழாய்த் தெரிகிறது.
கண்ணுக்கு எட்டியது கைக்கு எட்டவில்லை.

ரேடியேட்டர் மேல் பலகை போட்டு
பலகை மேல் பழைய கம்பளி விரித்துக்
குப்புறப் படுத்தேன்.
விரல் நுனி போல்ட்டைத் தொடும்,
கட்டைவிரல் அடிமேடு மாட்டிக்கொள்ளும்.
எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷன் செருகினேன்.
பத்து எம்எம் சாக்கெட் நழுவியது.
டிங்.
டிங்.
பிறகு ஒன்றுமில்லை. தரையில் விழவே இல்லை.
நான் சொன்ன வார்த்தை
தெருமுனை வரை போயிருக்கும்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஜன்னல் திறந்தது.
ட்வைலா காமர்ஸெல்.
மார்ச்சிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.
உன் வண்டிப் புகை என் சமையலறையில் குடியிருக்கிறது
என்றாள் அன்று.
உன் மூக்கு ரொம்ப நீளம் என்றேன்.
அதற்கப்புறம் எங்கள் குப்பைத்தொட்டிகள் மட்டும்
செவ்வாய்தோறும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

வந்தாள். கோட்டைக் கழற்றி
பக்கக் கண்ணாடியில் மாட்டினாள்.
"எது வரமாட்டேன் என்கிறது?"
காட்டினேன்.
வலது கையை உள்ளே விட்டாள்.
சர்க்கரை ஆலையில், கிழங்கு ஏறும் பெல்ட்டில்
இருபத்தாறு வயதில்
சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் விட்டுவிட்டு வந்த கை.
என் கை நின்ற இடத்தில் அது நிற்கவில்லை.

முகம் என் பக்கம் இருந்தது, பார்வை எங்கோ.
விரல்கள் பார்த்துக்கொண்டிருந்தன.
"இதெல்லாம் வேண்டாம். ஸ்பேனர் கொடு. குட்டை ஸ்பேனர்."
கொஞ்சம் திருப்பு, எடு, மாற்றிப் போடு, மறுபடி கொஞ்சம்.
இருபது நிமிடம்.
நான் டார்ச் பிடித்தேன்.
வெளிச்சம் ஆடுகிறது என்றாள்.
குளிர் என்றேன்.

வெளியே வந்த வால்வின் வாயில்
விரற்கடைக் கனத்துக்குக் கரி.
எஞ்சின், தான் விட்ட மூச்சில் கொஞ்சத்தைத்
தானே திரும்பக் குடிக்க வேண்டுமாம்.
குடிக்கிற வழி இதுதான்.
அவள் நகத்தால் சுரண்டி, முகர்ந்து பார்த்து
"என் திரைச்சீலை" என்றாள்.
நான் வாயெடுத்தேன்.
"கேஸ்கெட் எங்கே?" என்றாள்.

புதியதைப் பொருத்தும்போதும்
மூன்றாவதை மரையில் ஏற்றியது அவள்தான்.
மூச்சைப் பிடித்து
இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாம் முறை.
கடைசி இறுக்கு மட்டும் என்னுடையது.
அதுவும் அவசியமில்லை, ஏற்கெனவே இறுகியிருந்தது.

தோட்டக் குழாயில் கை கழுவினாள்.
பனிக்குளிர் தண்ணீர், துணிச்சோப்பு.
"மார்ச்சில் நான் சொன்னது..." என்றேன்.
"நீளம்தான்" என்றாள்,
கோட்டை எடுத்துக்கொண்டு.

விளக்கு உடனே அணையவில்லை.
ஈட்டன் வரை ஓட்டிப்போய்த் திரும்பி
எஞ்சினை நிறுத்தி மறுபடி கிளப்பியபோது
அந்த இடம் கறுப்பாக இருந்தது.

வளைவுகளில் மட்டும்
சட்டத்துக்குள் எங்கோ
பத்து எம்எம் சாக்கெட் ஒன்று உருள்கிறது.
இன்னும் தேடவில்லை.